கவர் திரும்பி வரவில்லை

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் படிக்காதவர்களுக்கும் தெரியட்டும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒடுகத்தூர் பக்கம் பஸ் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு மொபெட்டில் போய், ஷூ கம்பெனி வேலையைப் பெண்களின் வாசலில் இறக்கினேன். ஆம்பூர்க் கடைத்தெருவுக்குப் பின்னால், மழை பெய்தால் குட்டையாகிவிடும் மனையை வாங்கி, மண் கொட்டி, மாடி வைத்துக் கட்டினேன். அந்த மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தேன். கடன் கேட்டுப் போனபோது, "உங்களுக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியுமா?" என்று சிரித்த பேங்க் மேனேஜர், பின்னாளில் தன் மகளை என் சென்டரில்தான் சேர்த்தார். என் பெண்கள் இருவரும் பட்டதாரிகள். எதற்கும் யார் சிபாரிசும் கிடையாது.

இதை எந்த மேடையில் ஏற்றினாலும் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

இதில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. செங்கல் வைத்துக் கட்டியது அல்ல. வாயால் சொன்ன ஓர் உதாரணம். அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கரண்ட் போன நேரம்

வெயில் காலம். ஞாயிற்றுக்கிழமை. சென்டர் வாசலில் ரப்பர் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஷூ தைக்கிற பெண்கள், வெறுங்காலோடு வந்து உட்காருவார்கள்.

உள்ளே எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்கிறார்கள். நாற்காலியில் ஜெயந்தி. திரையில் ஒரு சின்னக் கவர், தபால் கவர் மாதிரியே, ஒரு பெட்டியிலிருந்து கிளம்பி அடுத்த பெட்டிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று ஊர்ந்து போகிறது. கடைசியில் இருந்த கம்ப்யூட்டர் படத்தைப் போய்த் தொட்டது.

"போய்ட்டுச்சு! போய்ட்டுச்சுண்ணா!" என்று கைதட்டினாள்.

அதே நொடியில் கரண்ட் போனது. திரை இருண்டது. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. ஷூ ஒட்டும் சொல்யூஷன் பசை வாசனையும் தலையில் வைத்திருந்த கனகாம்பரமும் வியர்வையும் கலந்து அறையை நிறைத்தன.

"அவ்ளோதான் பாடம்," என்றேன் நான். "போய்ச் சேந்துச்சுல்ல? கொண்டுபோனவன் கொண்டாந்துடுவான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அந்தக் கரண்ட் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். இன்றைக்கும் மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்டால் எனக்கு அந்த நினைப்புதான் வருகிறது.

சிடியில் வந்த ஊர்

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. கம்ப்யூட்டர் டைப்பிங் எல்லா ஊரிலும் வந்துவிட்டது. அடுத்து நெட்வொர்க் பாடம்தான் என்று எனக்குத் தோன்றியது. அதாவது கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைத்துப் பேச வைக்கும் வேலை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஷூ கம்பெனியும் ஊருக்கு ஒரு யூனிட் போடுவதைப் பார்த்தேன். யூனிட்டுகள் ஒன்றோடு ஒன்று பேசித்தானே ஆக வேண்டும்?

பாடம் எடுக்க வந்தவர் கிரேஸ் டீச்சர். வேலூர் சத்துவாச்சாரிக்காரர். அப்பா ஆஸ்பத்திரியில் வேலை, அம்மா பள்ளி ஆசிரியை. டிப்ளமோ முடித்திருந்தார். முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மூக்கில் கைக்குட்டை. ஒரு மாதத்தில் கைக்குட்டையை மறந்துவிட்டார். கொலுசு விஷயத்தை மட்டும் மறக்கவில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் காற்று பட்டால் வெள்ளி கருத்துப்போகும்.

"உங்க ஊர் காத்து இன்னா சார், போட்டிருக்கிற கொலுசைக்கூட விடமாட்டேங்குது!" என்பார்.

"கருக்காத கொலுசு வேணும்னா ஆலங்காயம் போங்க டீச்சர். அங்க காடு இருக்கு, காத்து இருக்கு. கம்ப்யூட்டர்தான் இல்ல" என்பேன்.

பாடத்துக்கு ரூட்டர் வேண்டும் என்றார். ஒரு இடத்துக் கம்ப்யூட்டர்களை இன்னொரு இடத்தோடு சேர்த்துவிடும் பெட்டி அது. சென்னைக்குப் போய் விலை கேட்டேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

டீச்சர் ஒரு சிடி கொண்டுவந்தார். "இதுல எல்லாமே இருக்கு சார். பெட்டி வேணாம், ஒயர் வேணாம். படத்தை இழுத்துப் போட்டு இணைச்சா, நிஜத்துல எப்படி வேலை செய்யுமோ அப்படியே செஞ்சு காட்டும்."

அதற்கு சிமுலேட்டர் என்று பெயர். திரையில் கம்ப்யூட்டர் படம், ரூட்டர் படம், ஒயர் என்று எல்லாம் ஓரமாக இருக்கும். இழுத்துப் போட்டால் ஒரு ஊரே எழுந்துவிடும். ஒயர் சரியாகப் பொருந்தினால் சிவப்புப் புள்ளி பச்சையாகும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கவர் அனுப்பிப் பார்க்கலாம். அது போய், பதில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால்தான் இணைப்பு சரி.

நானும் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து ஒரு ஊர் கட்டிப் பார்த்தேன். மனை வாங்கவேண்டாம், மண் கொட்டவேண்டாம். சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

என் வண்டி நிற்கும் இடம்

ஞாயிறு வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்த பெண்கள். வாரம் முழுக்க மிஷின், ஞாயிற்றுக்கிழமை மவுஸ்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முகவரி எண் தரவேண்டும் என்று டீச்சர் சொன்னதும் ஷபானா என்ற பெண், கடைசி எண்ணாக 786 போட்டாள். மென்பொருள் ஏற்கவில்லை.

"இருநூத்தி அம்பத்தஞ்சுக்கு மேல போடக்கூடாதும்மா."

"அது கம்மியா இருக்கே டீச்சர். எங்க வூட்டு வண்டி நம்பரே அதுதான்."

கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு 7 என்று ஒரு கட்டத்தில், 86 என்று அடுத்த கட்டத்தில் போட்டாள். ஏற்றுக்கொண்டது. மற்ற பெண்கள் விசிலடிக்காத குறை.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. இரண்டு தனித்தனிக் குழுக்களை ஒரு ரூட்டரால் இணைத்தபோது எல்லாப் புள்ளியும் பச்சை. கவர் மட்டும் நகரவில்லை.

"கேட்வே குடுக்கலைம்மா நீங்க. டீஃபால்ட் கேட்வே" என்றார் டீச்சர். ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் சொன்னார். பலகையில் வரைந்தார். பெண்கள் பலகையைப் பார்த்தார்கள், டீச்சரைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

நான் வெளியே மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து உள்ளே போனேன்.

இங்கே ஒன்று விளக்க வேண்டும். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். சில ரகத்துக்குக் கைத்தையல் வேண்டும். அவற்றைக் கட்டாகக் கட்டிக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டுதான் பண்டல். வீட்டிலிருந்தபடியே பெண்கள் தைப்பார்கள். பண்டலைக் கொண்டுபோய்க் கொடுத்து, தைத்ததை வாங்கி வருபவன் ஏஜென்ட். நான் பல வருடம் ஏஜென்ட். இங்கிலீஷ் எழுத்தே பண்டல் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் கற்றேன்.

ஜெயந்தி ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவள் அம்மா கைத்தையல்காரி.

"ஜெயந்தி, முன்னல்லாம் உங்க தெருவுக்குப் பண்டல் யாரும்மா கொண்டாருவாங்க?"

"இன்னாண்ணா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? நீங்கதான் கொண்டாருவீங்க. தூறல் போட்டா வரமாட்டீங்க."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"உங்கம்மா தெச்சது கம்பெனிக்குப் போவணும். உங்கம்மா கம்பெனியப் பாத்துக்கீறாங்களா?"

"கம்பெனி கேட்டைக்கூடப் பாத்ததில்ல."

"அப்புறம் எப்படிப் போவுது?"

"கோயில் பக்கத்துல உங்க வண்டி நிக்கும். அங்க குடுத்துடுவாங்க. அப்புறம் நீங்க பாத்துப்பீங்க."

"கம்பெனி அட்ரஸ் உங்கம்மாவுக்குத் தெரியணுமா?"

"எதுக்கு? வண்டி நிக்கற இடம் தெரிஞ்சாப் போதும்."

"அதான்மா கேட்வே," என்றேன்.

கீபோர்டுகள் தடதடவென்று சத்தமிட்டன. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்தக் கட்டத்தை நிரப்பினார்கள். கவர்கள் கிளம்பிப் போயின, திரும்பி வந்தன.

கிரேஸ் டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பேங்க் மேனேஜர் பிற்பாடு பார்த்ததைவிட அது பெரிசு. "சார், இதை நான் எங்க போனாலும் சொல்லுவேன்" என்றார்.

டீச்சர் இல்லாத ஞாயிறு

ஜெயந்தி வேலை செய்த கம்பெனியின் முதலாளியை நாங்கள் பாய் என்போம். என்மேல் அவருக்குப் பிரியம். ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா தாமு, உன் பொண்ணுங்கள்ல கெட்டிக்காரி யாரு? வாணியம்பாடி யூனிட்டையும் இங்கயும் கம்ப்யூட்டர்ல சேக்கறோம். ரூமுக்கு ஒரு ஆள் வேணும். சென்னையிலேர்ந்து இன்ஜினியர் வந்து டெஸ்ட் வெப்பாரு. பாஸ் ஆயிட்டா லைன்லேர்ந்து தூக்கி சேர்ல உக்கார வெச்சுடறேன்."

"நம்ம ஜெயந்தி இருக்கா பாய்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

டெஸ்ட் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை என்று முடிவானது. கிரேஸ் டீச்சர் தயங்கினார்.

"சார், ரெண்டு ரூட்டர் பாடம் இன்னும் எடுக்கலை. கட்டளையெல்லாம் சும்மா காட்டினதோட சரி. ஈஸ்டருக்கு நான் வர முடியாது. பாய்கிட்ட ஒரு வாரம் தள்ளி வெக்கச் சொல்லுங்களேன்."

"தள்ளச் சொன்னா நம்ம சென்டரு பேரு இன்னா ஆவறது? நான் எடுத்துக்கறேன் டீச்சர். கேட்வே நான் சொல்லலை?"



டெஸ்டுக்கு முந்தின அந்த ஈஸ்டர் ஞாயிறுதான் ஆரம்பத்தில் சொன்னது. ஆம்பூருக்கு ஒரு ரூட்டர், வாணியம்பாடிக்கு ஒரு ரூட்டர். ஜெயந்தியே இரண்டையும் இணைத்தாள். "ஆம்பூர் ஏஜென்ட்டுகிட்ட, வாணியம்பாடிக்கு எந்தப் பக்கம் போவணும்னு வழி எழுதிக் குடுத்துடும்மா" என்றேன். எழுதினாள். கவர் போய்ச் சேர்ந்தது. கரண்ட் போனது.

போனவன் திரும்பி வருகிறானா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? பத்து ஊர் சுற்றியும் பண்டலோடு போனவன் நான்தான், தைத்ததோடு வந்தவனும் நான்தான். போகிற வழி தெரிந்தவனுக்கு வருகிற வழியை யாராவது தனியாகச் சொல்வார்களா?

படிகளில் இறங்கும்போது ஜெயந்தி, "அண்ணா, சம்பத்துகிட்ட அம்மா சொல்ட்டாங்க. இனிமே எங்களுக்குப் பண்டல் வேணாம்னு" என்றாள். சம்பத்து எனக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஏஜென்ட் ஆனவன்.

"நாளைக்குப் பாஸ் ஆவட்டுமே, அதுக்குள்ள இன்னா அவசரம்?"

"அம்மாவுக்குக் கண்ணு தெரியலண்ணா. ஊசி விரல்ல ஏறுது. அதான் நானே சொல்லச் சொன்னேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

திங்கட்கிழமை கம்பெனி ஆபீஸில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நான். உள்ளே ஜெயந்தி, இன்ஜினியர், பாய். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நானே பேனா வாங்கிக் கொடுத்திருந்தேன். எதற்கென்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் டெஸ்டுக்குப் பேனா எதற்கு?

அதே மாதிரி சிமுலேட்டர்தான். இரண்டு ஊர், இரண்டு ரூட்டர். இன்ஜினியர் உட்கார்ந்து முடிப்பதற்குள் அவள் வரைந்து முடித்துவிட்டாள். முகவரி போட்டாள். கேட்வே போட்டாள். ஆம்பூர் ரூட்டரில் வழி எழுதினாள். இன்ஜினியர் புருவத்தை உயர்த்தி பாயைப் பார்த்தார். பாய் வெளியே என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன்.

கவரை அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் இன்ஜினியர்.

"முடிஞ்சுது சார்."

கவர் வாணியம்பாடி ரூட்டருக்குத் திரும்பி வந்தது. அங்கேயே நின்றது. அதன்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது.

"போச்சு. திரும்பி வரலையேம்மா?"

"வந்துடும் சார்."

"எப்படி வரும்?"

"கொண்டுபோனவரே கொண்டாந்துடுவாரு சார்."

இன்ஜினியர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. சிரிப்பு வந்தது, சிரித்தார். பாயும் சிரித்தார். ஜெயந்தி சிரிக்கவில்லை. திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். தப்பு எங்கே என்று அண்ணன் சொல்லுவார் என்கிற மாதிரி பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அந்த நாற்காலிக்கு வேலூரிலிருந்து ஒரு பட்டதாரி வந்தான்.

அந்த வாரமே சம்பத்தைத் தேடிப் போனேன். "ஜெயந்தி வூட்டுக்குத் திரும்பப் பண்டல் குடுடா."

"பேஜார் பண்ணாதீங்கண்ணா. வேணாம்னாங்க, பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டேன். அவங்ககிட்டேந்து எப்படிப் புடுங்கறது?"

அந்த வருடம் ஜெயந்தியின் அம்மா வேர்க்கடலை பிடுங்கும் கூலிக்குப் போனாள்.

ஒரு வரி

ஈஸ்டர் முடிந்து கேக்கோடு வந்தார் கிரேஸ் டீச்சர். நடந்ததை, ஜெயந்தி சொன்ன பதிலோடு சேர்த்துச் சொன்னேன். கேக்கை மேஜையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து, அதே இரண்டு ஊரைப் போட்டார். வாணியம்பாடி ரூட்டரில் ஒரு வரி எழுதினார். ஆம்பூருக்கு எந்தப் பக்கம் போவது என்கிற வழி. கவர் போனது, வந்தது.

"இவ்ளோதான் சார். போற வழிய ஒரு ரூட்டர்ல எழுதினா, வர்ற வழிய அந்தப் பக்கத்து ரூட்டர்ல எழுதணும். அந்தப் பக்கத்து ஏஜென்ட் வேற ஆளு. அவருக்கு நம்ம ஊர் தெரியாது."

அதோடு கம்ப்யூட்டரை மூடினார். திட்டியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு ஜோடி செருப்பு குறைந்தது. ஜெயந்தியின் செருப்பு எனக்குத் தெரியும். அறுந்த நீல வாரை அப்பர் நூலால் தைத்திருப்பாள், கம்பெனித் தையல் மாதிரி ஒரே சீராக. அதற்குப் பிறகு அது அந்த வாசலுக்கு வரவே இல்லை. ஆள் விட்டுச் சொல்லியனுப்பினேன். லைனில் ஓவர்டைம் என்று பதில் வந்தது.

கிரேஸ் டீச்சர் சில வருடத்தில் ஒரு பாலிடெக்னிக்குக்குப் போனார். பிறகு கல்யாணமாகி வெளிநாடு. சென்டரும் மூடியாயிற்று. அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர்.

பொன்னாடையோடு ஒரு பாடம்

சில வருடங்களுக்குப் பிறகு அதே பாலிடெக்னிக்கில் ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். விழாவுக்கு முன் லேபைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு இளம் விரிவுரையாளர் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். திரையில் சிமுலேட்டர்.

"கேட்வேன்னா இன்னா? பண்டல் ஏஜென்ட் வண்டி நிக்கற இடம். அது தெரிஞ்சாப் போதும். கம்பெனி அட்ரஸ் தெரியவேணாம்."

என் வார்த்தை! ஒன்றுகூட மாறவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. டீச்சர் சொன்னபடியே போன இடத்தில் சொல்லியிருக்கிறார். சுற்றியிருந்தவர்களிடம் இது யாருடையது தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

விரிவுரையாளர் தொடர்ந்தார். "ஆனா போற வழி மட்டும் எழுதிட்டு, வர்ற வழி எழுதாம விட்டுடாதீங்க. இதுக்கு இங்க ஒரு பேரே இருக்கு. ஆம்பூர் பொண்ணு மிஸ்டேக்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "கொண்டுபோனவரே கொண்டாந்துடுவாரு" என்றான். பலமுறை சொல்லிப் பழகிய கேலி என்று அவன் குரலிலேயே தெரிந்தது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேடை ஏறி, மைக் பிடித்து, நான் கட்டியவற்றை வரிசையாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

அதற்கும் பிறகு ஒரு நாள் ஒடுகத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் ஜெயந்தியைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் கம்பெனிப் பை. இன்னும் லைனில்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இன்னாண்ணா, அந்தக் கவரு திரும்பி வந்துச்சா?"

பஸ் வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறிப் போய்விட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். குத்திக்காட்டவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே, அந்தப் பாலிடெக்னிக்கிலும் மற்ற இடங்களிலும் இந்த உதாரணத்தைச் சொல்லிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். வண்டி நிற்கும் இடம் என்று சொல்லும்போதெல்லாம் இது ஆம்பூர் தாமோதரன் சொன்னது என்று சொல்ல வேண்டும். அது என் உரிமை. கேட்டு வாங்குவதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அடுத்த பகுதிக்கும் அதே பெயரைத்தான் சொல்ல வேண்டும். கொண்டுபோனவன் கொண்டாந்துடுவான் என்று சொன்னவன் நான். அவள் என்னிடம் கேட்டதை அப்படியே சொன்னாள், அவ்வளவுதான். பொண்ணு என்பதை இன்றோடு அடித்துவிடுங்கள். அது தாமோதரன் மிஸ்டேக். என் பங்கில் பாதியை எடுத்து அந்தப் பெண்ணின் தலையில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. முழுசாக என் பெயரில் எழுதுங்கள்.